கைக்குழந்தையோடு இரண்டு இரவு

கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய்க்கும் தகப்பனுக்கும் ஓய்வு வேண்டும் என்று சொல்லவே கூச்சப்படுகிறார்கள். “பிள்ளைக்கு நாலு இடம் காட்டணும்” என்று சொல்லித்தான் ரிசார்ட்டில் அறை பிடிக்கிறார்கள். நான் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பேரன் பேத்திகளோடு ஏற்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் போய் வந்தவள். மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் முறையாகக் கிளம்பும் கண்ணுகளுக்கும் தம்பிகளுக்கும் இதைச் சொல்கிறேன்.

1. போவது உங்களுக்காக. அதை முதலில் வாய்விட்டு ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டியது அம்மாவின் மடி, நேரத்துக்குத் தூக்கம், அளைந்து விளையாட ஒரு குவளைத் தண்ணீர். இவையெல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. ஏரியைக் காட்டினாலும் அருவியைக் காட்டினாலும் அது அங்கே ஓடும் நாய்க்குட்டியைத்தான் பார்க்கும். மாதக்கணக்கில் முழு இரவு தூங்காதவள், சூடான சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டே நாளாகிவிட்டவள், அந்த அம்மாதான் இந்தப் பயணத்துக்கு உரியவள். அடுத்து, ஆபீசுக்கும் வீட்டுக்குமாக ஓடுகிற அப்பா. இதை ஒத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் லேசாகிவிடும். எத்தனை இடம் சுற்றிப் பார்க்கலாம்? ஒன்றும் வேண்டாம். எந்த ரிசார்ட் நல்லது? அம்மா மூன்று வேளையும் சூடாகச் சாப்பிட்டு, ஒரு மதியமாவது கண்ணயர முடிகிற இடம்.

2. வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை மூன்று மணி நேரத்துக்குள் இருக்கட்டும். சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் ஏறக்குறைய 55 கி.மீ. புதுச்சேரி 150 கி.மீ. சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு கூப்பிடு தூரம். அதைத் தாண்டிப் போகும் ஆசையைப் பிள்ளைக்கு நாலு வயதாகும் வரை தள்ளிவையுங்கள். இரண்டு இரவு போதும். ஒரு இரவு என்றால் பையைப் பிரிப்பதிலும் கட்டுவதிலுமே போய்விடும். மூன்றாம் நாள் குழந்தைக்கு மாற்றுத் துணியும் தீர்ந்துவிடும், பெரியவர்களின் பொறுமையும் தீர்ந்துவிடும்.

மலை என்றால் உயரத்தையும் வளைவுகளையும் கணக்கில் வையுங்கள். ஊட்டி 2,240 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். சாயங்காலக் குளிரில் இந்த வித்தியாசம் குழந்தையின் மூக்கில் தெரியும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வளைவில் வாந்தி வருவது குறைவு. அந்த வயதைத் தாண்டிய பிள்ளைக்குத்தான் அந்தத் தொல்லை தொடங்கும். மலை ஏறுவதற்கு முன் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் முன்பே ஒரு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையில் போனைக் கொடுத்துப் படம் பார்க்க விடாதீர்கள். கண் படத்திலும் உடம்பு வளைவிலும் இருந்தால் குமட்டல் கூடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, தூரத்து மரத்தைக் காட்டுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். கைக்குழந்தைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

மே மாதச் சனி ஞாயிறில் மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நிற்கும், குழந்தை வெந்துபோகும். முடிந்தால் வார நாளில் போங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அதைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடற்கரை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க நேரலாம்.

3. காரில் முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் தாயின் கை தாங்காது. ஏர்பேக் விரிந்தால் நடுவில் இருப்பது குழந்தை. குழந்தை இருக்கை வாங்கிப் பின்சீட்டில் பொருத்துங்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை அல்லது பெல்ட் இல்லையென்றால் அபராதம் போடுகிறது. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே தெருவுக்குள் ஓட்டிப் பழக்கிவிட்டால் பயணத்தன்று அழாது.

4. போகக் கூடாத நாட்கள் உண்டு. மூன்று மாதம் நிறையாத குழந்தையை அழைத்துப் போக வேண்டாம். அந்த வயதில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், அதுவும் நல்ல மருத்துவமனைக்கு. தடுப்பூசி போட்ட இரண்டு நாளுக்குள் கிளம்பாதீர்கள், காய்ச்சல் வர இடமுண்டு. முந்தின நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்திருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். கட்டிய முன்பணத்துக்காகச் சுணங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் போனால் போகட்டும். அறை பிடிக்கும்போதே, கடைசி நாள் ரத்து செய்தால் என்ன திருப்பித் தருவார்கள் என்று கேட்டுவைப்பது நல்லது.

5. படத்தைப் பார்த்து அறை பிடிக்காதீர்கள். போன் செய்து கேளுங்கள். அறை தரைத் தளத்திலா? மலைச் சரிவில் கட்டிய காட்டேஜ்களுக்கு ஐம்பது அறுபது படி இறங்க வேண்டியிருக்கும். குழந்தையும் பையுமாக அதை ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் ஓய்வெடுக்க வந்தது போய்விடும். நீச்சல் குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டுகிற கதவும் உண்டா? வெந்நீர் எந்நேரமும் வருமா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் அறைக்கும் ஓடுமா? சனிக்கிழமை ராத்திரி புல்வெளியில் ஒலிபெருக்கி வைத்து ஆட்டம் பாட்டம் உண்டா? உண்டென்றால் அதிலிருந்து தள்ளி இருக்கிற அறையைக் கேளுங்கள்.

சாப்பாட்டு நேரத்தைத் தனியாகக் கேளுங்கள். குழந்தை ஆறரைக்கே சாப்பிட்டு எட்டுக்குத் தூங்கிவிடும். ரிசார்ட்டில் இரவு பஃபே திறப்பதே பெரும்பாலும் ஏழரைக்கோ எட்டுக்கோதான். ஆறு மணிக்குக் குழைந்த சாதமும் பருப்பும் ரசமும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டு, சொன்னவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள் என்றால் விடியற்காலையில் கிளம்பாதீர்கள். அறை கிடைக்காமல் வரவேற்பறை சோபாவில் தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு இருப்பதுதான் பயணத்தின் மோசமான மணி நேரம். வீட்டில் பதினொரு மணிக்குச் சோறூட்டி, அதன் மதியத் தூக்கம் வண்டியிலேயே நடக்கும்படி கிளம்புங்கள்.

அப்படியே, பக்கத்தில் இரவில் குழந்தை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது என்றும் கேளுங்கள். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 30 கி.மீ. சுமாருக்கு இருக்கும். பகலில் நிதானமாகத் தெரிந்துகொண்டால் நடுராத்திரியில் போனில் தேட வேண்டியதில்லை.

6. அறைக்குள் போனதும் பையைப் பிரிக்காதீர்கள். ஒருவர் குழந்தையை வெளியே வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் தரையில் முட்டி போட்டு, குழந்தையின் உயரத்திலிருந்து அறையைச் சுற்றிவர வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது தெரியாதது அப்போது தெரியும். கைக்கெட்டும் பிளக் பாயின்ட். மேசை விளிம்பில் தொங்கும் கெட்டில் ஒயர். சுவரில் செருகிய கொசு மருந்துக் குப்பி. ஷாம்பு பாக்கெட்டுகள். மெல்லிய ரிமோட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி. அந்த வட்டப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கும், ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாத அவசரம் அது. ரிமோட்டை அலமாரியின் உச்சியில் வையுங்கள்.

பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைக் கையால் அளந்து பாருங்கள். குழந்தையின் தலை நுழையும் போலிருந்தால் அறையை மாற்றிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். பால்கனியில் நாற்காலி கிடந்தால் உள்ளே எடுத்துவிடுங்கள், ஏறி நிற்க அது போதும். குளியலறைத் தாழ்ப்பாள் கீழே இருந்தால் இரண்டு வயதுப் பிள்ளை உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும், திறக்கத் தெரியாது. கதவின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் முழுசாக மூடாது. வாளியில் தண்ணீர் இருந்தால் கொட்டிக் கவிழ்த்துவையுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து உங்கள் முழங்கையில் விட்டுப் பார்த்த பிறகே குழந்தையைக் குளிக்க வையுங்கள். புது இடத்துக் கீசர் எவ்வளவு சுடும் என்பது யாருக்கும் தெரியாது.

7. தண்ணீரைப் பற்றிச் சொல்வதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறப்பதில் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளின் விகிதமே மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணம் எளிது. அந்த வயதில் நடக்கத் தெரியும், பயம் தெரியாது. தலை பெரிது, கழுத்து வலுவில்லை. குப்புற விழுந்தால் நிமிர முடியாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவுத் தண்ணீர் போதும். கத்தாது, கையை வீசாது, தண்ணீரைத் தெறிக்கவிடாது. சத்தமில்லாமல் போய்விடும். சத்தம் கேட்டால் ஓடிவிடலாம் என்று நினைத்து நாலடி தள்ளி உட்காருகிறவர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

குளத்தில் இறங்கினால் உங்கள் கை நீட்டினால் குழந்தையைத் தொட வேண்டும். அதுதான் தூரம். முழங்கால் ஆழக் குழந்தைக் குளத்துக்கும் இதே விதி. காற்றடித்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுப் பொருள்கள். கவிழ்ந்தால் காப்பாற்றாது, நழுவினால் காப்பாற்றாது. அவற்றைப் போட்டுவிட்டோம் என்ற தைரியமே ஆபத்து. போன் அறையிலேயே இருக்கட்டும். படம் எடுக்க ஆசையென்றால் எடுப்பவர் வேறு, காவல் இருப்பவர் வேறு.

உறவினர்கள் கூட்டமாகப் போகும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். பத்துப் பேர் இருக்கிறோமே என்று ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். கை மாற்றும்போது “இப்போ பாப்பாவை நீ பாத்துக்க” என்று சொல்ல வேண்டும், “சரி, நான் பாத்துக்கறேன்” என்று பதில் வர வேண்டும். பதில் வராமல் நகரக் கூடாது. மது குடித்தவருக்கு அந்த முறையைக் கொடுக்காதீர்கள், அவர் வீட்டுக்கு எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. குளித்து முடித்து அறைக்குத் திரும்பிய பிறகும் பிள்ளைக்கு அந்த நீல நிறம் ஞாபகம் இருக்கும். கதவு திறந்திருந்தால் அங்கேதான் நடக்கும். ஒரு நிமிடம் பிள்ளையைக் காணோம் என்றால் கட்டிலடியிலும் அலமாரியிலும் தேடாதீர்கள், முதலில் குளத்துக்கு ஓடுங்கள்.

மலை ரிசார்ட்டில் குளத்து நீர் சில்லென்று இருக்கும். உதடு நீலம் பாரித்தாலோ உடம்பு நடுங்கினாலோ அந்த நொடியே வெளியே எடுத்துத் துவட்டுங்கள். கைக்குழந்தைக்குப் பத்து நிமிடமே அதிகம். வெயிலில் பத்து மணிக்கு மேல் நாலு மணிக்குள் குளத்துப் பக்கம் வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் கிரீமைவிட நிழலும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் சரி.

கடல் இதிலெல்லாம் சேராது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் அலை வேகமானது, சில அடி தள்ளியே தரை சட்டென்று ஆழமாகும், திரும்பும் அலை காலடி மணலையே இழுக்கும். இடுப்பில் பிள்ளையோடு கடலுக்குள் இறங்கவே இறங்காதீர்கள். ஈர மணலில் உட்கார வைத்து, வாளியும் கரண்டியும் கொடுங்கள். நுரை வந்து அதன் கால் நனைந்தாலே அதற்குத் திருவிழாதான்.

கிளம்புவதற்கு முன் உங்கள் குழந்தை மருத்துவரிடமோ முதலுதவிப் பயிற்சி தருகிறவர்களிடமோ குழந்தைக்குச் செயற்கை மூச்சு கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூழ்கி எடுத்த குழந்தைக்கு முதலில் வேண்டியது மூச்சு. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இவையெல்லாம் நேரத்தைக் கெடுக்கும். ஒருவர் மூச்சுக் கொடுக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

8. சாப்பாட்டில் புதுமை வேண்டாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அந்த வகையில் அதுதான் கூட்டிப்போகச் சுலபமான வயது. அதற்கு மேல் போனால் வீட்டிலிருந்து ராகி மாவு அல்லது சத்துமாவு, ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணம், ஸ்பூன், பிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் இருக்கும் கெட்டிலில் முன்னால் தங்கியவர் என்ன கொதிக்க வைத்தாரோ தெரியாது. கழுவி, இரண்டு தடவை தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். பாலை அதில் ஊற்றாதீர்கள், அடி பிடிக்கும், பிறகு கழுவவும் வராது. பவுடர் பால் கொடுப்பவர்கள் கொதித்த நீரை அரை மணிக்குள், சூடு இருக்கும்போதே கலக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள்.

பஃபேயில் ஆவி பறக்கும் இட்லி, சூடான சாதம், பருப்பு, நெய், அவித்த முட்டை, நீங்களே தோல் உரித்த வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். வெளியே வெகுநேரம் இருந்த தேங்காய்ச் சட்னி, நறுக்கிய பழம், பச்சைக் காய்கறி, ஐஸ் போட்டது வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டும் கூடாது, அதில் உள்ள ஒரு கிருமி விதை கைக்குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன் இவற்றைப் பக்கத்து மேசைப் பெரியவர்கள் ஆசையாக நீட்டுவார்கள். சிரித்துக்கொண்டே வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாயில் சிக்கிய கடலையோடு வார்டுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

9. மருந்துப் பை சின்னதாக இருக்கட்டும், ஆனால் ஒவ்வொன்றையும் படித்து வையுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். இதில்தான் பலர் தவறுகிறார்கள். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 125 மி.கி. இருக்கும், இன்னொரு சிரப்பில் 5 மில்லியில் 250 மி.கி. இருக்கும். எடை கிலோவுக்கு 15 மி.கி. என்பது வழக்கமான அளவு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. என்றால் அது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, முதல் சிரப்பில் ஆறு மில்லி, இரண்டாவதில் மூன்று மில்லி. வீட்டு பாட்டிலை மறந்துவிட்டு மலையில் வேறு பாட்டில் வாங்கி அதே அளவு ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் பாட்டிலுக்கு, உங்கள் குழந்தையின் எடைக்கு, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தரம் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். வெப்பமானியும் கூட இருக்கட்டும்.

அடுத்து, வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம். 1971-ல் வங்கதேச அகதிகள் பான்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார் டாக்டர் திலீப் மகாலனாபிஸ். அந்தப் பொட்டலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றும். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கலக்க வேண்டும். பாதி பாதியாகக் கொட்டினால் உப்பின் அளவு மாறும். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஸ்பூன் ஸ்பூனாக, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி வரை. கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் பழச்சுவை இனிப்பு நீர் இதற்கு ஈடாகாது. அதில் சர்க்கரை கூடுதல், போக்கு அதிகமாகும். எவ்வளவு கொடுத்தும் வாந்தியாக வெளியேறினால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், கண் குழிவிழுந்து சோர்ந்து கிடந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே மலையிறங்குங்கள்.

சளிக்கு மூக்கில் விடும் உப்பு நீர்ச் சொட்டு போதும். இருமல் சிரப் வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் நச்சு கலந்த இருமல் மருந்தால் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. பாட்டிமார் சொல்கிறார்களே என்று கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சிலும் மூக்கிலும் தடவாதீர்கள், அது உள்ளே போனால் வலிப்பு வரும். நானும் ஒரு பாட்டிதான், சொல்கிறேன்.

கொசுவுக்குக் கொசுவலையே முதல். டெங்கு கொசு பகலில் கடிக்கும், மதியத் தூக்கத்துக்கும் வலை போடுங்கள். அடைத்த அறையில் கொசுவத்திச் சுருள் கொளுத்தாதீர்கள். தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கள்.

10. குரங்குகள். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் பிள்ளையின் கையில் பிஸ்கட் இருந்தால் குரங்கு தேடி வரும். வெளியில் கையில் தின்பண்டம் கொடுக்காதீர்கள். குரங்கோ நாயோ கீறினாலும் கடித்தாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டாக வேண்டும். மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாதீர்கள்.

11. இரவு. புது அறையில் முதல் இரவு குழந்தை அழும். அதை எதிர்பார்த்துப் போங்கள். வீட்டில் அது தூங்கும் பழைய போர்வையைத் துவைக்காமலேயே எடுத்துப்போங்கள், அம்மாவின் வாசனை அதில் இருக்கும். வீட்டில் என்ன வரிசையோ அதே வரிசை: குளியல், சாப்பாடு, பாட்டு, விளக்கணைத்தல். ஒன்றிரண்டு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்குப் 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். அதைக் குறைத்துவிட்டு ஏரியைக் காட்டப் போனால் இரவு யாருக்கும் தூக்கம் இருக்காது. தூளியில் தூங்கிப் பழகிய குழந்தை என்றால் அறையில் கொக்கி இருக்காது. மடக்கும் தொட்டில் ஸ்டாண்டை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கட்டிலிலிருந்து மெத்தையை இறக்கித் தரையில் போடச் சொல்லுங்கள். ரிசார்ட் கட்டில்கள் உயரம். ஓரத்தில் தலையணை அடுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். பெரிய குழந்தை அதைத் தாண்டி விழும், சின்னக் குழந்தைக்கு அது மூச்சை அடைக்கும்.

12. அம்மாவின் ஓய்வு தானாக அமையாது. இடம் மாறியதால் மட்டும் வேலை குறையாது. சொல்லப்போனால் சமையலறையும் துவைக்கும் இயந்திரமும் கைக்கெட்டாத இடத்தில் குழந்தை வேலை கூடும். அதனால் தம்பி, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே குழந்தையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது மூன்றையும் நீங்கள் செய்து பழகுங்கள். “என்கிட்ட வர மாட்டேங்குது” என்று அங்கே போய்ச் சொன்னால் யாருக்கு ஓய்வு? அப்பாவின் தோளில் தூங்கப் பழகிய குழந்தை எந்த ஊரிலும் தூங்கும்.

அங்கே போனதும் காலை ஆறு முதல் பத்து வரை முழுக்க உங்கள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டே வெளியேறுங்கள். பக்கத்தில் அழும் சத்தம் கேட்டால் அம்மா எழுந்துவிடுவாள், அவள் உடம்பு அப்படி. புல்லில் உட்காருங்கள், பூச்சியைக் காட்டுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் முதலில் அவள் சாப்பிடட்டும், நீங்கள் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாறிக்கொள்ளுங்கள். ஆபீஸ் போன் அணைந்திருக்கட்டும். இன்னொன்று, படங்களில் அவளும் இருக்க வேண்டும். வீடுகளில் ஆல்பத்தைப் புரட்டினால் அப்பாவும் பிள்ளையுமாகவே இருக்கிறார்கள், எடுத்தவர் அம்மா என்பதால்.

கண்ணு, உனக்கும் ஒன்று. அவர் டயப்பரைக் கோணலாகக் கட்டினாலும் பேசாமல் இரு. திருத்தத் தொடங்கினால் வேலை உன்னிடமே திரும்பி வரும். பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கியதும் அறைக் கதவைச் சாத்தி வைத்து, வாசல் படியில் இரண்டு பேரும் டீயோடு உட்காருங்கள். குழந்தையைப் பற்றிப் பேசாமல் அரை மணி நேரம் பேச முடிகிறதா பாருங்கள்.

குழந்தை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தையைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது என்றால் அதற்கு ரிசார்ட் மருந்தில்லை. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஒரு நோய், சிகிச்சை உண்டு. மருத்துவரைப் பார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

13. பாட்டியைக் கூட்டிப்போனால் பாட்டியும் விடுமுறைக்கு வந்தவர்தான். இரண்டு நாளும் அறையில் பிள்ளையோடு அவரை விட்டுவிட்டு நீங்கள் சுற்றப் போவதற்காக அழைத்துப் போகாதீர்கள். ஒரு நேரம், அதுவும் கேட்டுவிட்டு. முட்டி வலிக்காரருக்குப் படியில்லாத அறை. வீட்டில் உதவிக்கு இருக்கும் பெண்ணை அழைத்துப் போனால் அவருக்குத் தனிப் படுக்கை, உங்களோடு அதே மேசையில் அதே சாப்பாடு, கூடுதல் சம்பளம். இதையெல்லாம் கணக்கில் சேர்த்து முடியாதென்றால் கூப்பிடாதீர்கள்.

14. டயப்பரைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள், ஜன்னல் வழியே பள்ளத்தில் எறியாதீர்கள். மலையில் அது மக்காமல் கிடக்கும். சுருட்டிக் காகிதத்தில் கட்டி ஒரு பையில் சேர்த்து வைத்து, ரிசார்ட் குப்பைத் தொட்டியில் கொடுங்கள். துணி லங்கோடு பழகிய குழந்தையென்றால் இரண்டு நாளுக்கு மட்டும் டயப்பர் வாங்கி, வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். தோல் சிவக்கிறதா என்று அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

15. திரும்பும் நாள். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். முந்தின ராத்திரியே பையைக் கட்டிவிடுங்கள். வழியில் எந்தக் கோயிலும் எந்தக் கடையும் வேண்டாம், நேராக வீடு. அடுத்த நாள் அப்பாவுக்கு லீவு இருக்கட்டும். துணி துவைக்கவும் குழந்தையின் தூக்கத்தைப் பழைய நேரத்துக்குக் கொண்டுவரவும் அந்த ஒரு நாள் தேவைப்படும். திரும்பிய இரண்டு வாரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், எந்த ஊருக்குப் போனீர்கள், எந்தத் தேதியில், எங்கே தங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் அவர் கேட்காமலேயே சொல்லுங்கள். கொசுக்கடியா, தண்ணீரா என்று அவர் எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.